நுளம்புப் புகையில் ஒரு கோழி

முதன்முதலில் நான் புகையில் வாட்டிய கோழியில் ஒரு துண்டை வாயில் வைத்த அம்மா, மென்றதைக் கையில் துப்பிவிட்டுக் கேட்டார்: "நுளம்புக்குப் போட்ட புகையில கோழியையும் போட்டுட்டியா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பின்னேரம் வளவில் நுளம்பு கலைக்கப் பொச்சுமட்டை போட்டு மூட்டுவோமே, கிட்டத்தட்ட அதே புகையில்தான் நான்கு மணித்தியாலம் கோழியைத் தொங்கவிட்டிருந்தேன். வெளியே தார் பூசியது போல் கறுப்பு. கடித்தால் நாக்கு நுனி விறைக்கும் கசப்பு. தொடை எலும்போரம் இன்னும் சிவப்பாக இரத்தம். கடைசியில் நாய்க்கு வைத்தோம். நாயும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இது 2022 இல். சமையல் காஸ் கிடைக்காமல் நாடே சிலிண்டரோடு வரிசையில் நின்ற காலம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினோம். அந்த அடுப்பைப் பார்க்கப் பார்க்க அம்மம்மாவின் தம்பலகாமத்து வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. அடுப்புக்கு மேலே கம்புகளால் கட்டிய பரண். அதில் விதைச் சோளப் பொத்தி, புளி உருண்டை, கருவாடு, சில நாட்களில் உப்புப் போட்டுக் கீறிய இறைச்சி வார். அந்த வாரை நெருப்புத் தணலில் சுட்டு, உரலில் இடித்து, வெங்காயத்தோடு வதக்கித் தருவார். அந்தச் சுவையை மறுபடி பிடிக்கலாம், புகை இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

நான் செய்த முதற் பிழை அடுப்பில் இல்லை, அந்த நினைப்பில். அம்மம்மா செய்தது சமையல் அல்ல, பதப்படுத்தல். விரல் தடிப்பு வார், அள்ளிப் போட்ட உப்பு, வெயில், அதன்பிறகு வாரக்கணக்கில் சோற்று அடுப்பின் மெல்லிய சூடு. இறைச்சியில் ஈரமே இல்லாமல் போகும். அதனால்தான் கெடாது. நம் மாசிக் கருவாடும் அப்படித்தான்: சூரையை அவித்து, புகைபோட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காயவிட்டது. நான் ஆசைப்பட்டதோ, கையால் பிய்த்தால் நார் நாராக வரும் சாறுள்ள இறைச்சி. அதற்குப் பெயர் வெந்நீர் இல்லாத அவியல் என்றுதான் சொல்ல வேண்டும். 110, 120 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்கில் மூடி வேகவைப்பது. புகை அதற்கு ஒரு வாசனைச் சரக்கு, அவ்வளவுதான். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் கசப்பான பச்சைக் கோழிதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்ப்புகை என்று ஒன்று இருக்கிறது, சூடே இல்லாமல் புகை மட்டும் ஏற்றுவது. புகை அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. திருகோணமலையில் ஆனி ஆடி மத்தியானத்தில் விறாந்தையே அதற்கு மேலே நிற்கும். அந்தச் சூட்டில் பச்சை இறைச்சியை மணிக்கணக்கில் தொங்கவிடுவது கிருமிக்குப் பந்தி வைப்பது. குளிர்நாட்டுக்காரர் செய்யட்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுப்புக் கோழி தோற்ற பிறகு ஒரு வருடம் சும்மா இருந்தேன். 2023 இல், மூடி வாட்டும் அடுப்பாக்க ஒரு 200 லீற்றர் இரும்புப் பரல் கிடைத்தது. கிடைத்தது என்றால், பழைய சாமான் வளவில் அடுக்கிக் கிடந்ததில் ஒன்று. "இதுல என்ன இருந்தது அண்ணை?" என்று கேட்டேன். "எண்ணெய்தான் தம்பி" என்றார். என்ன எண்ணெய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் கண் எரிந்தது. அடியில் ஏதோ பூச்சிமருந்து மாதிரி மஞ்சள் கறை. அதை அப்படியே திருப்பிக் கொடுத்து, காசில் பாதியை விட்டுவிட்டு வந்தேன். இரண்டாவது பரலில் தேங்காயெண்ணெய் இருந்தது. மணந்தாலே தெரிந்தது. பரலில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள். எரித்தால் சரியாகும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நல்ல பரலையும் எரிக்கத்தான் வேண்டும். உள்ளே பூசியிருக்கும் பூச்சும் வெளிப் பெயின்றும் சூடேறினால் இறைச்சியில் இறங்கும். தென்னம் பாளை, மட்டை, கொக்காரை எல்லாம் போட்டு இரண்டு மணித்தியாலம் சுவாலை விட்டு எரித்தேன். பிறகு கம்பிப் பிரஷ்ஷால் உரஞ்சி, கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, வெறும் பரலாக ஒருமுறை புகைபோட்டேன். அன்றைக்கு நான் பரலை வைத்த இடம் கிடுகு வேலிக்குப் பக்கத்தில். ஒரு பொறி பறந்து கிடுகில் விழுந்தது. காய்ந்த கிடுகு எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அன்ரி வாளியோடு ஓடி வந்திராவிட்டால் இந்தக் கதையை வேறு மாதிரித்தான் எழுதியிருப்பேன். இப்போது பரல் வளவின் நட்டநடுவில், மணலில், எதற்கும் மூன்று மீற்றர் தள்ளி நிற்கிறது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

வெல்டிங் கடையில் செய்வித்த வேலை அதிகம் இல்லை. பரலின் அடியோரம் நாலு பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் அளவில் நான்கு துளை. ஒவ்வொன்றுக்கும் திருப்பி மூடக்கூடிய தகடு. மூடியில் அதே மாதிரித் துளைகள். கரி போடத் தடித்த இரும்பு வலையில் ஒரு கூடை, அதற்குச் சாம்பல் விழ இடம்விட்டு நாலு விரல் உயரத்தில் கால். கூடைக்கு மேலே ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் தள்ளி இறைச்சித் தட்டு. தட்டுக்கு வெல்டிங் அண்ணை ஒரு பழைய பிரிட்ஜ் தட்டைத் தூக்கிக் காட்டினார், அளவும் சரியாக இருந்தது. வேண்டாம் என்றேன். பழைய பிரிட்ஜ் தட்டுகளில் கட்மியம் பூச்சு இருக்கலாம், சூட்டில் அது நஞ்சு. நாகம் பூசிய கம்பி, தகரம் எதுவும் கரிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றும் சொன்னேன். "சாப்பாட்டு விசயத்துல இவ்வளவு பயப்படுற ஆள் ஏன் தம்பி கடையில கொத்து சாப்பிடுற?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. கறுப்பு இரும்புக் கம்பியில் தட்டு செய்து தந்தார்.

பரல் தயார் என்றதும் எழுந்த கேள்வி, அதில் என்ன போடுவது. இது திருகோணமலை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஏறாது, அம்மாவுக்காக. பன்றி எனக்குப் பிடிக்கும். பரலில் வாட்டினால் அதுபோல வேறு எதுவும் வராது என்றும் தெரியும். ஆனால் ஒருமுறை பன்றிக் கொழுப்புச் சொட்டிய பரலில் எனது முஸ்லிம் நண்பர்கள் இருவரும், கின்னியாக்காரனும் மூதூர்க்காரனும், பிறகு கை வைக்க மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் சாப்பிடுவதற்கு நான் ஏன் ஏழு மணித்தியாலம் வெயிலில் நிற்க வேண்டும்? ஆகவே மாடும் இல்லை, பன்றியும் இல்லை. கோழியும் ஆடும் ஹலால் கடையில் வாங்குவது. கின்னியாக்காரன் முதல்நாள் வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "பரல்ல முன்ன என்ன போட்ட?" தேங்காயெண்ணெய் என்றேன். "அப்ப சரி" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அந்த முதல்நாள் தள்ளிப்போன கதையும் உண்டு. லீவு நாளாகப் பார்த்து எல்லாரையும் கூப்பிட்டேன். விடிய எழுந்து இறைச்சி வாங்கப் போனால் கடை பூட்டு. அடுத்த கடையும் பூட்டு. அது பௌர்ணமி போயா நாள். போயாவுக்கு நாடெங்கும் இறைச்சி விற்கக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே தெரிந்த விசயம். லீவு மட்டும் மனதில் நின்றது, ஏன் லீவு என்பது நிற்கவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குப் பரலில் கத்தரிக்காய் சுட்டுக் கொடுத்தேன். அது நன்றாகவே இருந்தது.

சரி, நெருப்புக்கு வருவோம். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரியைக் கொட்டி முழுவதையும் பற்றவைத்தால் பரல் 200 டிகிரியைத் தாண்டி ஓடும். பிறகு துளையை அடைத்தாலும் இறங்காது; கரி மூச்சுத் திணறிக் கசப்புப் புகை விடும். கூடையில் பற்றாத கரியை மூன்று, நான்கு கிலோ போட்டு, நடுவில் ஒரு குழி செய்து, அதில் பத்துப் பதினைந்து தணல் துண்டை மட்டும் வைக்க வேண்டும். நெருப்பு மெல்ல மெல்லப் பக்கத்துக் கரிக்குத் தாவும். சூடு 90க்கு வரும்போதே அடித் துளைகளில் இரண்டை மூடிவிட வேண்டும், 120 வந்த பிறகு மூடினால் பிந்திவிடும். மேல் மூடித் துளைகளை ஒருபோதும் மூடுவதில்லை. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த் துளையால் மட்டும். மேலே மூடினால் புகை உள்ளே தேங்கும், தேங்கிய புகை இறைச்சியில் தாராகப் படியும். என் முதல் கோழியில் படிந்ததும் அதே தார்தான்.

புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். வெள்ளையாகத் திரண்டு சுருள்சுருளாக வந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது வாசனைக்குக் கரியோடு போட்ட விறகு ஈரம். அப்போது இறைச்சியை வைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலமாக மாறும். பின்னால் பச்சை மரம் இருந்தால்தான் கண்ணுக்கே தெரியும். மூக்கை நீட்டினால் இனிப்பாக மணக்கும். அதுதான் நேரம். புதிதாகச் செய்பவர்கள் புகை வரவில்லையே என்று இன்னும் விறகைத் திணிப்பார்கள். நானும் திணித்தேன்.

கரிக்கு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அந்த நாற்றம் கடைசி வரை போகாது. பெரிய பிஸ்கட் பேணி ஒன்றின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, அடியோரம் ஆணியால் துளைத்து, கீழே பன்னாடையும் மேலே கரியும் போட்டுப் பற்றவைத்தால் பதினைந்து நிமிடத்தில் தணல் தயார். சிரட்டைக்கரி சின்னத் துண்டு, சட்டென்று சூடேறி சட்டென்று முடியும். கோழிக்குப் போதும். ஆட்டுக்கு மரக்கரிதான் நின்று பிடிக்கும்.

காற்றைப் பற்றி வேறு எந்த ஊர்க்காரரும் எனக்குச் சொல்லித்தர முடியாது, நாமே படிக்க வேண்டியதுதான். வைகாசியிலிருந்து ஆவணி வரை நம்மூரில் கச்சான் அடிக்கும். கொறிக்கிற கச்சான் இல்லை, கரைப் பக்கமிருந்து கடலுக்கு வீசும் அந்த வரண்ட சூட்டுக் காற்று. ஒரு நாள் பரலை 115இல் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய்வந்தேன். பத்து நிமிடம் இருக்காது. 170. காற்று நேரே ஒரு துளைக்குள் ஊதிக்கொண்டிருந்தது, கொல்லன் துருத்தி மாதிரி. அதிலிருந்து கச்சான் நாட்களில் காற்று வரும் பக்கத்துத் துளைகளை முழுக்க அடைத்துவிட்டு எதிர்ப்பக்கத் துளை ஒன்றை அரைவாசி திறந்து வைக்கிறேன். பழைய கூரைத் தகரம் ஒன்றை மறைப்பாகவும் நட்டுவைத்திருக்கிறேன். விடிய ஐந்தரைக்குத் தொடங்கினால் காற்று எழும்பும் முன் நெருப்பு ஒரு நிலைக்கு வந்துவிடும்.

இந்த எண்களெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கம்பி உள்ள டிஜிட்டல் வெப்பமானி. ஒரு கம்பி தட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று இறைச்சிக்குள். பரலுக்குச் செலவழித்ததை விட அதற்குக் கூடச் செலவழித்தேன். முதலில் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். மூடியில் பூட்டும் மணிக்கூடு மாதிரியான வெப்பமானி ஒன்றும் வாங்கினேன், அது 25 டிகிரி பொய் சொன்னது. கண்டுபிடிப்பது இலகு: கொதிக்கிற தண்ணீரில் வையுங்கள். நாம் இருப்பது கடல்மட்டம், 100 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு பிழை என்று மூடியிலேயே எழுதி வைத்துவிடலாம்.

விறகுக்கு ஆப்பிள் மரம், ஹிக்கரி என்று தேடி அலைய வேண்டாம். கொய்யாக் கிளையும் மாங்கிளையும் போதும். எங்கள் வளவுக் கொய்யா இரண்டையும் கழித்தபோது வந்த கிளைகளை ஆறு மாதம் கூரை இறப்புக்குக் கீழே காயவிட்டேன். கைமுட்டி அளவு துண்டு நான்கு ஒரு முழு ஆட்டுத் தோளுக்குப் போதும். தண்ணீரில் ஊறப்போடத் தேவையில்லை. ஊறிய விறகு முதலில் நீராவிதான் விடும், புகை பிந்தும், அதுவும் வெள்ளையாக வரும். புளி விறகு சூடு அதிகம், கரிக்கு நல்லது. வேம்பு வேண்டாம், கசக்கும். அலரியைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், மரம் முழுக்க நஞ்சு, புகையும்தான். கஜுக் கோதும் அப்படியே, அதில் உள்ள எண்ணெய் தோலையே புண்ணாக்கும். தச்சுக்கடை மரத்தூள் சும்மா கிடைக்கும், ஆனால் அதில் பசை, பொலிஷ், மருந்தடித்த பலகை எல்லாம் கலந்திருக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு வரவைக்கும் என்பதால் நான் தனி முதிரையையும் போடுவதில்லை.

தொடங்குகிறவர்கள் கோழியில் தொடங்குங்கள். 1.3 கிலோ அளவுக் கோழி ஒன்றின் முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு நெஞ்சை அழுத்தித் தட்டையாக்குங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, அதில் ஒரு துண்டு பனங்கட்டி, நசுக்கிய உள்ளி, மிளகு. இரவு முழுக்கப் பிரிட்ஜில் ஊறட்டும், வெளியில் வேண்டாம். விடிய எடுத்து ஈரம் ஒற்றி, மிளகும் கொத்தமல்லியும் இடித்துப் பூசுங்கள். நம் வறுத்த கறித்தூளைப் பூசினேன் ஒருமுறை. ஏற்கெனவே வறுத்தது, இன்னும் மூன்று மணித்தியாலச் சூட்டில் கருகிக் கசந்தது. கோழிக்கு 120 டிகிரி போதாது, தோல் றப்பர் மாதிரி இழுபடும். 150 வரை விடலாம், ஒன்றரை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் கம்பியைக் குத்துங்கள். 74 வந்தால் பாதுகாப்பு, நான் தொடையில் 80 வரை விடுவேன், மிருது கூட. வெட்டும்போது தோலுக்குக் கீழே இறைச்சி ரோசாவாக இருக்கும். அம்மா "வேகேல்ல" என்று திருப்பி அனுப்பினார். அது புகையின் வாயு இறைச்சி நிறத்தோடு சேர்ந்து நிற்கும் சிவப்பு, வெந்தாலும் போகாது. கண்ணை நம்பாமல் கம்பியை நம்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னும் தன் துண்டைத் தனியாகச் சட்டியில் பிரட்டித்தான் சாப்பிடுகிறார்.

ஆடு வேறு கதை. கின்னியாவிலிருந்து நண்பன்தான் கொண்டுவருவான். 2009 இல் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரப் பயணம், ஆனால் வெயிலில் அந்தக் கொஞ்ச நேரமும் இறைச்சிக்குக் கூடாது என்று ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கொடுத்து அனுப்புகிறேன். முதல் தடவை முன்னங்காலைத் தோளோடு முழுசாகக் கேட்டால், கடைக்காரர் பழக்க தோசத்தில் மளமளவென்று கறிக்கு வெட்டிவிட்டார். "வெட்டாம முழுசா வேணும் நானா" என்று தராசில் போடும் முன்னரே சொல்ல வேண்டும். "முழுசா எடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

ஏறக்குறைய இரண்டு கிலோத் தோள். முதல்நாள் இரவே உப்புப் பிரட்டி வைத்து, விடிய ஆறு மணிக்குப் பரலில் ஏற்றினோம். தட்டுச் சூடு 115. ஒன்பது மணிக்குள் இறைச்சிக்குள் 66 டிகிரி. கணக்குப் போட்டுப் பத்தரைக்கு முடியும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு 68. பத்தரைக்கு 68. பதினொன்றுக்கு 67, இறங்கிவிட்டது. வெப்பமானி பழுது என்று கழற்றிக் கொதிதண்ணீரில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நெருப்புப் போதவில்லை என்று நண்பன் துளையைத் திறக்கப் போனான். பிடித்து நிறுத்தினேன்.

மண்முட்டியில் ஊற்றிய தண்ணீர் ஏன் குளிர்கிறது? வெளியே கசிந்த ஈரம் காய்ந்து பறக்கும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். இறைச்சியும் அந்தக் கட்டத்தில் வேர்க்கத் தொடங்கிவிடும். பரல் கொடுக்கிற சூடும் வேர்வை எடுத்துப்போகிற சூடும் சமமாகிற இடத்தில் முள் நின்றுவிடும், சிலவேளை மூன்று மணித்தியாலம்கூட. உள்ளே வேலை நின்றுவிடவில்லை. எலும்பையும் தசையையும் பிடித்திருக்கும் சவ்வு 70 டிகிரிக்குப் பக்கத்தில்தான் மெல்ல இளகிப் பசையாகிறது, அதற்கு வேண்டியது நேரம். பொறுமை இல்லாதவர் அந்தக் கட்டத்தில் இறைச்சியை மூடிக் கட்டலாம். வேர்வை பறக்க வழியில்லை, சூடு ஏறும். அலுமினியத் தாள் மட்டும் போட்டால் மேல்தோல் ஊறி நைந்துபோகிறது என்று நான் முதலில் வாழையிலையைத் தணலில் வாட்டிச் சுற்றி, அதன்மேல் தாளைச் சுற்றுகிறேன். நம் ஆடு கொழுப்பில்லாத ஆடு, கட்டுவதற்கு முன் ஒரு கரண்டி நெய் ஊற்றினால் காயாது.

ஒன்றரைக்கு 93. எண்ணை விடவும் கை சொல்லும்: கம்பி உள்ளே போகும்போது வெண்ணெயில் போவது போலத் தடையில்லாமல் போக வேண்டும். உடனே வெட்டவும் கூடாது. துவாயில் சுற்றி ஐஸ் இல்லாத அந்த ரெஜிபோம் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் வைத்தோம். மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்குப் பிறகுதான். அதற்குள் வந்தவர்கள் அம்மாவின் பருப்பையும் சோற்றையும் முடித்துவிட்டார்கள். ஆனாலும் தோள் எலும்பை நண்பன் இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது அது வெறும் எலும்பாகக் கழன்று வந்ததே, அந்த நேரத்தில் ஒருவரும் பேசவில்லை. றோஸ் பாணும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டோம்.

மீன் பற்றிக் கொஞ்சம். விடிய கரைவலையில் வந்த பாரையோ சூரையோ, ஐஸில் இருந்ததாக இருக்க வேண்டும். சூரை வெயிலில் கிடந்திருந்தால் அதில் ஊறும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். துண்டுகளை உப்புத்தண்ணீரில் முக்கால் மணித்தியாலம், பிறகு பிரிட்ஜில் திறந்தபடி ஒரு மணித்தியாலம், மேல் பிசுபிசுப்பாகும்வரை. கொஞ்சம் கொறுக்காய்ப் புளி அரைத்துப் பூசலாம். கரி அரைவாசி, சூடு 90க்குள், ஒன்றரை மணித்தியாலம். உள்ளே 63 போதும். என்னைக் கேட்டால் இந்தப் பரலில் இதுவரை வந்ததில் சிறந்தது ஆடு அல்ல, இந்தப் பாரைதான். ஆனால் பாரைக்காக ஒருவரும் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவதில்லை.

பக்கத்து வீட்டு அன்ரிக்கு, வேலியைக் காப்பாற்றியதற்காக, அரைக் கோழி அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்து, "தம்பி, அது கெட்டுப் போச்சு" என்றார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், அடுப்புக்கு மேலே. புகைபோட்டது என்றால் அம்மம்மா காலத்து வத்தல் மாதிரி நிற்கும் என்று நினைத்திருக்கிறார். பிழை என்னுடையது, கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பரலில் வந்தது ஈரமான வெந்த இறைச்சி; இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், அங்கேயும் மூன்று நான்கு நாள்தான்.

கரி நெருப்பை மழை வருகிறது என்று விறாந்தைக்குள்ளோ குசினிக்குள்ளோ இழுத்துவராதீர்கள், புகை தெரியாமலே நச்சுவாயு நிரம்பிவிடும். மழை வந்தால் இறைச்சியைச் சட்டிக்கு மாற்றிக் கறியாக்கிவிட்டு, பரலின் மூடியை மூடி, துளைகளை அடைத்து நெருப்பை அணையவிடுங்கள். சாம்பலை முழுக்க ஆறிய பிறகுதான் கொட்ட வேண்டும். அணைந்தது என்று பார்த்த தணல் மறுநாள் விடிய ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை உருக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வாடை தொடங்கி மழை விடவில்லை. பரலைக் கவிழ்த்து, எண்ணெய் பூசி, தகரத்தால் மூடி வைத்திருக்கிறேன். கடைசியாகச் செய்த ஆட்டின் எலும்புகள் உறைபெட்டியில் ஒரு பையில் கிடந்தன. நேற்று அம்மா அதில் இரண்டை எடுத்துப் பருப்புக்குள் போட்டு அவித்தார். குசினி முழுக்க அந்தக் கொய்யாப் புகை மணம். சாப்பிடும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே அவராகத்தான் கேட்டார்: "இன்னும் எத்தனை எலும்பு கிடக்கு?"